நாடா இல்லாத பாதி

போன மாதம் டொக்டர் தர்சினி எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்திரசிகிச்சைப் பயிற்சியில் இருக்கிற பிள்ளை, தெல்லிப்பழையைச் சேர்ந்தவர். பயிற்சி வைத்தியர்கள் ஒரு மலர் வெளியிடுகிறார்களாம். அதற்கு ஓய்வுபெற்ற ஒரு நிபுணர் தம் பயிற்சிக் காலத்துக் கஷ்டங்களை எழுத வேண்டுமாம். கையோடு ஒரு தாளும் கொண்டுவந்திருந்தார். “ஏழே ஏழு கேள்விதான் சேர், ஆறுதலா எழுதுங்கோ” என்று சொல்லி வைத்துவிட்டுப் போனார். போன பிறகு எண்ணிப் பார்த்தேன். ஐந்தாம் இலக்கம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. கேள்விகள் எட்டு.

இப்படியான விடயங்கள் என்னை நாள் முழுவதும் அரிக்கும். எனக்கு எழுபது வயது. காலையில் ஐந்து குளிசை, இரவில் மூன்று. வாசற்படியிலிருந்து படலை வரை முப்பத்தொரு அடி. முழங்கால் நோகிற நாட்களில் முப்பத்து நான்கு. இது ஒரு வருத்தம், இதற்கும் ஒரு குளிசை வேண்டும் என்று மனைவி சொல்கிறாள். இருக்கலாம். என் தகப்பனார் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். பிரசங்கம் நீளும்போது தேவாலயத்துக் கூரைத் தீராந்திகளை எண்ணத் தொடங்கிய பழக்கம் அறுபது வருடமாக என்னோடு கிடக்கிறது. ஆனால் இந்தப் பழக்கம் ஒரு நாள் என்னை நன்றாக ஏமாற்றியது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நான்காம் கேள்வி இது: ‘பயிற்சியை விட்டுவிட்டுப் போகலாம் என்று எப்போதாவது நினைத்தீர்களா?’ அந்தக் கேள்விக்குக் கீழே மட்டும் பென்சிலால் மெல்லிய கோடொன்று இருந்தது. யார் போட்ட கோடு என்று ஊகிக்கப் பெரிய மூளை தேவையில்லை. எட்டில் ஒன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மற்ற ஏழுக்கும் வேறு யாரையாவது பிடித்துக்கொள்ளட்டும்.

நான் பயிற்சியில் சேர்ந்தபோது எனக்கு முப்பத்தொரு வயது. மானிப்பாயில் வீடு. ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் ஐம்பது நிமிடம். யுத்த காலம். பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை. கப்பல் வந்தால்தான் மருந்து. ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றால் என் கை வியர்க்கும். இருவர் பார்த்தால் விரல் நடுங்கும். கொழும்பில் நடந்த முதல் சோதனையில், வாய்மொழிப் பரீட்சைக் கதிரையில் இருந்து, தெரிந்த பதிலையும் சொல்லாமல் வாயடைத்து இருந்துவிட்டுத் தவறினேன். திரும்பி வந்தபோது என் மூத்த மகள் பிறந்து எட்டு நாள். இன்னொரு தடவை எழுதலாம். அதற்கு மேல் இடமில்லை. இரண்டு வருடக் கதை இவ்வளவுதான்.

எங்கள் பெரிய டொக்டரைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். பிரிவின் தலைவர் அவர். மெலிந்த, உயரமான மனிதர். சத்தம் போடமாட்டார். உதவிக்கு நிற்பவன் பிழை விட்டால், கையிலிருப்பதைத் துணியின் மேல் வைத்துவிட்டு, இரண்டு கையையும் நெஞ்சோடு கோத்துக்கொண்டு, மேலே விளக்கைப் பார்த்தபடி நிற்பார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். அவனே கண்டுபிடித்துத் திருத்தும்வரை நிற்பார். ஒரு தடவை நான் நூற்றுநாற்பது எண்ணும்வரை நின்றார். நூலின் வால் நீளம் என்று நூற்றுநாற்பத்தோராவதில்தான் எனக்குப் பிடிபட்டது.

எங்களை வழக்கமாகத் ‘தம்பி’ என்பார். ‘நீர்’ என்று கதைப்பார். கோபம் வந்தால் ‘டொக்டர்’ என்பார், ‘நீங்கள்’ என்பார். அவர் வாயிலிருந்து ‘டொக்டர்’ வந்த நாளில் மதியச் சாப்பாட்டுப் பொதியை அவிழ்க்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவேன்.

அவருடைய அறையில் ஒரு மரக்கதிரை இருந்தது. தினமும் காலையில் அதன் கைப்பிடியில் வலக்கையால் ஐம்பது, இடக்கையால் ஐம்பது முடிச்சுப் போட வேண்டும். தையல் நூல் கிடைக்காத காலம். வலை பின்னுகிற நைலோன் நூலில் போடுவோம். வந்து, கண்ணை மூடிக்கொண்டு, சுட்டுவிரலை அந்த வரிசை மேல் ஓட்டுவார். ஓரிடத்தில் விரல் நிற்கும். “இது வழுக்கும், தம்பி.” எண்ணிப் பார்ப்பேன், முப்பத்தேழாவது. அதற்குப் பிறகு முழு வரிசையையும் அறுத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும். கை கழுவுவதும் அப்படித்தான். நகங்களுக்குத் தூரிகையால் முப்பது தேய்ப்பு, விரலின் ஒவ்வொரு பக்கத்துக்கும் இருபது. நான் எண்ணுவதை அவர் பக்கத்துக் குழாயில் நின்று கேட்டுக்கொண்டே கழுவுவார். எண்ணிக்கையில் மட்டும் என்னை ஒரு நாளும் பிழை பிடித்ததில்லை. அது எனக்கு உள்ளூரப் பெருமை.

இனித் துணியின் கதை. வயிற்றைத் திறந்தால், இரத்தத்தை ஒற்றவும் குடலை விலக்கி வைக்கவும் ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைந்த தடித்த துணிகள் உள்ளே போகும். ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு நீள நாடா தைத்திருக்கும். துணி உள்ளே போனாலும் நாடா வெளியில் தொங்கும். அதன் நுனியில் ஓர் இடுக்கி மாட்டியிருக்கும். வெளியிலிருந்து வருகிற துணிகளில் எக்ஸ்றேயில் தெரிகிற இழையொன்று ஓடும். எங்களுக்கு அவை வருவதில்லை. கிடைத்த பருத்தித் துணியை மடித்து, சத்திரசிகிச்சைத் தியேட்டரின் தலைமைத் தாதி றெஜினா மிஸி தானே தைப்பார். அவித்து, துவைத்து, திரும்பவும் பாவிப்போம். தொடங்குமுன் மிஸி கரும்பலகையில் தொகையை எழுதுவார். வயிற்றை மூடுமுன் நாடாக்களைப் பிடித்துப் பிடித்து எண்ணுவார். தொகை சரியென்றால் புத்தகத்தில் கையெழுத்து.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நோயாளர் வாட்டில் நாங்கள் எதையும் முழுதாகப் பாவிப்பதில்லை. கட்டுத்துணி பாதி, பிளாஸ்டர் பாதி, பஞ்சு பாதி. கையில் எது வந்தாலும் கத்தரிக்கோல் தானாகவே அதன் நடுவுக்குப் போகும். அது நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தோம்.

யோகராசா பருத்தித்துறைப் பக்கத்துக் கடற்தொழிலாளி. வயது இருபத்தொன்பது, இரண்டு பெண்பிள்ளைகள். வள்ளத்து எஞ்சினைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது வழுக்கி, இடது விலா வள்ளத்தின் விளிம்பில் அடிபட்டது. கொண்டுவந்தபோது காலை ஒன்பதரை. முகம் வெளுத்து, நாடி நூற்றுமுப்பதில் ஓடியது. பத்து மணிக்கு வயிற்றைத் திறந்தோம். மண்ணீரல் இரண்டாகப் பிளந்திருந்தது. பெரிய டொக்டர் அதை எடுத்தார். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். எடுத்த இடத்தின் மேல் மூலையிலிருந்து, விலாவுக்கு அடியில், இரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. “அதுக்குள்ளை ஒண்டை வைச்சு அமத்தும், தம்பி” என்றார். அந்த மூலை சிறியது. முழுத்துணி கொள்ளவில்லை. மிஸி மறுபக்கம் திரும்பி இரத்தப் போத்தலை மாற்றிக்கொண்டிருந்தார். நான் கத்தரிக்கோலை எடுத்துத் துணியை நடுவால் வெட்டினேன். ஒரு பாதியை மூலைக்குள் செருகி அமத்தினேன். மற்றப் பாதியால் காயத்தின் வாயை ஒற்றினேன். கசிவு நின்றது. பெரிய டொக்டர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்புக்காக ஒரு கிழமை பட்டினி கிடக்கவும் தயாராக இருந்த காலம் அது.

மூடுமுன் மிஸி எண்ணினார். “ஒண்டு, ரெண்டு, மூண்டு...” பத்து நாடா. கரும்பலகையிலும் பத்து. நானும் மனதுக்குள் எண்ணினேன், பத்து. எனக்குத் திருப்தியாக இருந்தது.

மூன்றாம் நாளிலிருந்து யோகராசாவுக்குக் காய்ச்சல். பின்னேரமானால் நூற்றிரண்டு பாகை. ஐந்தாம் நாள் இடது தோள் நோகிறது என்றார். எக்ஸ்றேயில் இடது நுரையீரலின் அடியில் மங்கலாக ஏதோ தெரிந்தது. நுரையீரலில் சளி கட்டியிருக்கும், மருந்தை மாற்றி இரண்டு நாள் பார்ப்போம் என்றார் பெரிய டொக்டர். தியேட்டர்ப் புத்தகத்தையும் எடுப்பித்துப் பார்த்தார். பத்துக்குப் பத்து. ஐமிச்சப்பட ஒன்றுமில்லை.

ஏழாம் நாள் காலை பதினொரு மணிக்கு நான் அந்தக் கட்டிலடியில் நின்று காய்ச்சல் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யோகராசாவின் மனைவி மகேஸ்வரி ஒரு பழைய வேட்டித் துண்டை நனைத்துக் கணவனின் நெற்றியில் போட்டிருந்தார். உள்ளங்கால் கொதிக்கிறது என்று யோகராசா முனகினார். மகேஸ்வரி நெற்றித் துணியை எடுத்து, பல்லால் ஒரு கடி கடித்து, நடுவால் கிழித்தார். ஒரு பாதி நெற்றிக்கு, ஒரு பாதி காலுக்கு. நான் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கண்டு, ஏதோ குற்றம் செய்தவர் போல, “துணி ஒண்டுதான் கிடந்தது டொக்டர், ரெண்டாக்கிப் போட்டன்” என்றார்.

கிழிந்த சத்தம் காதுக்குள் நின்றது. அட்டையைத் திரும்பக் கொழுவ முயன்றேன், கொக்கி பிடிபடவில்லை.

அந்த வாட்டிலிருந்து பெரிய டொக்டரின் அறைக்கு அறுபத்து நான்கு அடி. மூன்று இடத்தில் நின்றேன். முதல் இடத்தில், புத்தகம் பத்து என்கிறது, எக்ஸ்றேயில் அந்தத் துணி தெரியாது, வெட்டியதை ஒருவரும் காணவில்லை என்று நினைத்தேன். இரண்டாம் இடத்தில், அந்தப் பாதியை நானே வெளியில் எடுத்திருப்பேன், மறந்திருப்பேன் என்று என்னை நம்பவைக்கப் பார்த்தேன். மூன்றாவது, அறைக் கதவடியில். இரண்டாம் தடவை சோதனைக்குப் போக, பெரிய டொக்டரின் நற்சான்றுக் கடிதம் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். அன்று புதன். இதைச் சொன்னால் எந்த மனிதர் கையெழுத்து வைப்பார்? சொல்லாவிட்டால், இன்னும் இரண்டு நாள் பார்ப்பார்கள். யோகராசாவிடம் இரண்டு நாள் இருந்ததா என்பது எனக்குத் தெரியாது.

உள்ளே போனேன். அவர் எழுதிக்கொண்டிருந்தார்.

“சேர், அந்த மண்ணீரல் ஆளின்ரை வயித்துக்குள்ளை அரைத்துணி ஒண்டு கிடக்கு. நான்தான் வெட்டினனான்.”

பேனையை வைத்தார். கண்ணாடியைக் கழற்றினார். பத்தொன்பது வரை எண்ணினேன்.

“நாடா இருக்கிற பாதியோ, இல்லாத பாதியோ?”

“இல்லாத பாதி, சேர்.”

‘டொக்டர்’ என்ற சொல்லுக்காகக் காத்து நின்றேன்.

“தம்பி, ஆள் கடைசியா எத்தினை மணிக்குச் சாப்பிட்டவர்?”

காலை ஏழு மணிக்கு அரைக் கோப்பை கஞ்சி என்றேன். ஒரு மணிக்குத் திறக்கலாம், தியேட்டருக்குச் சொல்லும் என்றார். நான் கதவடிக்கு வந்ததும் திரும்பக் கூப்பிட்டார். “மனிசிட்டை நீரே போய்ச் சொல்லும். சீழ் எண்டு சொல்லாதையும். துணி எண்டு சொல்லும்.”

பத்துக்குப் பத்து எண்ணிச் சரி பார்த்த எவருக்கும் அதைச் சொல்வது லேசில்லை. மகேஸ்வரி சம்மதப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நான் சொல்வதை முழுக்கக் கேட்டார். அழவில்லை.

“எண்ணுறேல்லையோ?” என்றார்.

எண்ணினோம், வெட்டியதை எண்ணவில்லை என்றேன்.

“எந்த இடத்திலை வைச்சனீங்கள் எண்டு உங்களுக்குத் தெரியுமோ?”

“ஓம். தெரியும்.”

“அப்ப நீங்களே எடுங்கோ. வேறை ஆரும் தேடித் திரிய வேண்டாம்.” கையெழுத்து வைத்துவிட்டுக் குனிந்து யோகராசாவின் காலடித் துணியைத் திருப்பிப் போட்டார்.

தியேட்டரில் பெரிய டொக்டர் என் இடத்தில், உதவிக்கு நிற்பவரின் பக்கத்தில், போய் நின்றார். அவருடைய இடத்தில் நான் நிற்க வேண்டும் என்பது அதன் பொருள். அது எனக்கு மரியாதையாகப் படவில்லை, தண்டனையாகத்தான் பட்டது. தையலைப் பிரித்தேன். பழைய காயம் வாய் திறந்தது. குடல் மேலே ஒட்டியிருந்தது. விரலால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, இடது மேல் மூலைக்குப் போனேன். விரல் ஒரு சுவரில் முட்டியது. அதை உடைத்தபோது சீழ் பீறிட்டு வந்தது. மணம் முகமூடியைத் தாண்டியது. அதற்குள் சாம்பல் நிறத்தில், கசங்கி, என் பாதி. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். முழுதாக வந்தது. அப்போதுதான் கவனித்தேன்: ஆறு பேர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள், என் கை நடுங்கவில்லை.

றெஜினா மிஸி அதைத் தட்டில் வாங்கினார். வாங்கும்போது காதடியில், “என்னட்டை ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே டொக்டர். பத்தெண்டு கையெழுத்து வைச்சவள் நானெல்லோ” என்றார். அதைவிட என்னை அடித்திருக்கலாம். அன்றே கரும்பலகையில் பெரிய எழுத்தில் ‘இங்கே எதையும் வெட்டக் கூடாது’ என்று எழுதினார். துணி வெட்டுகிற கத்தரிக்கோலை நாடாவில் கட்டித் தன் இடுப்பில் தொங்கவிட்டார். ஓய்வுபெறும்வரை அது அங்கேதான் தொங்கியது.

பெரிய டொக்டர் நடந்ததைத் தன் கையெழுத்தில் புத்தகத்தில் எழுதினார்: துணி வெட்டப்பட்டது, எண்ணப்படவில்லை, பொறுப்பு பிரிவுத் தலைவருடையது. என் பெயர் அதில் இல்லை. அது என்னால் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த நாள் காலை நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். பயிற்சியிலிருந்து விலகுகிறேன், சாதாரண வைத்தியனாக எங்கேயாவது வேலை பார்க்கிறேன் என்று. நான்காம் கேள்விக்கான பதில் இதுதான், தர்சினி. நினைத்தது மட்டுமில்லை, எழுதியும் கொண்டுபோனேன்.

இரண்டு தடவை வாசித்தார். மேசை லாச்சியைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தார். கடிதத்தை நடுவால் வெட்டி, இரண்டு பாதியையும் எனக்கு முன்னால் வைத்தார்.

“இப்ப எத்தினை?”

“ரெண்டு, சேர்.”

“உமக்கு இது நேற்றுத் தெரிஞ்சது. இனிச் சாகும்வரை மறக்காது. இதைப் படிச்ச ஆளை அனுப்பிப்போட்டுப் படிக்காத ஒருத்தனை நான் வைச்சிருக்கிறதோ?” இரண்டு பாதியையும் குப்பைக்கூடைக்குள் போட்டார். “எட்டரைக்கு ஒரு குடலிறக்கம் கிடக்கு. நீர் செய்யும். அதுக்கு முதல் கதிரையிலை நூறு முடிச்சு.”

போட்டேன். அன்று விரலை ஓட்டிவிட்டு ஒரு முடிச்சையும் அறுக்கவில்லை. நற்சான்றுக் கடிதம் மேசையில் கிடந்தது. அதில் போட்டிருந்த திகதி முதல் நாளுடையது, புதன்கிழமை. துணியைப் பற்றிச் சொல்ல நான் உள்ளே போனபோது அவர் எழுதிக்கொண்டிருந்தது அதுதான். பாதியில் பேனையை வைத்தார், எழுதி முடித்தது நான் சொன்னதற்குப் பிறகு.

யோகராசாவுக்கு நான்காம் நாள் காய்ச்சல் விட்டது. பத்தாம் நாள் எழுந்து நடந்தார். நாடி பார்க்கப் போன என்னிடம், “டொக்டர், வேட்டி எடுத்தாச்சாம். சால்வையும் கிடக்கோ எண்டு வடிவாப் பாத்தனீங்களோ?” என்றார். மகேஸ்வரி அவர் தோளில் ஒன்று போட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்குப் போகும் வழியில், சைக்கிளில், தனியே சிரித்தேன். இரண்டாம் சோதனையில் ஐந்து பேர் முன்னால் இருந்து பதில் சொன்னேன். கை வியர்த்தது, வாய் திறந்தது.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருடம் வேலை செய்தேன். வயிற்றை மூடுமுன் நாடாவை மட்டும் எண்ணிய நாள் இல்லை. துணியை விரித்துப் பார்த்துத்தான் எண்ணுவேன். இப்போது துணிகளுக்குள் அடையாள இழை உண்டு, மூன்று தடவை எண்ணுகிறார்கள், பலகையில் இரண்டு பேர் கையெழுத்து. நல்லது. ஆனாலும் தர்சினியின் கேள்வித்தாளில் ஐந்து இரண்டு தடவை வந்துதானே இருந்தது?

இவ்வளவும் எழுதி வைத்திருந்தேன், இனி வருவது இன்று சேர்த்தது. நேற்றுத் தர்சினி இதை வாங்க வந்தார். அதே நேரம் யோகராசாவும் வந்து சேர்ந்தார். வருடத்தில் ஒரு தடவை, மீன் படுகிற பருவத்தில், பஸ் ஏறி வருவார். அறுபத்தாறு வயது, தொழிலுக்கு மருமகன் போகிறான், இவர் வலை பார்க்கிறார். வந்திருப்பது சத்திரசிகிச்சைக்குப் படிக்கிற பிள்ளை என்று அறிந்ததும், கேட்காமலே சேட்டைத் தூக்கித் தழும்பைக் காட்டினார். “ஒரே இடத்திலை ரெண்டு தரம் வெட்டினவர், பிள்ளை. கோடு கோணேல்லை, பாத்தீரோ?” பிறகு பையை நீட்டினார். “எத்தினை எண்டு எண்ணிச் சொல்லும் பாப்பம்.”

எல்லா வருடமும் இதே விளையாட்டுத்தான். என் மனைவி முப்பத்தேழு வருடமாக ஏமாந்துகொண்டிருக்கிறாள். தர்சினிக்கும் நான் காட்டிக்கொடுக்கவில்லை.

தர்சினி பையைக் குனிந்து பார்த்தார். ஓரா மீன்கள். தலைகளைத் தொட்டு எண்ணினார். “பத்து” என்றார். யோகராசா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஆனால் பிள்ளை பையை மூடவில்லை. பிறகு ஒரு தட்டுக் கேட்டு வாங்கி, மீன்களை ஒவ்வொன்றாக வெளியில் எடுத்து, திருப்பித் திருப்பி வைத்தார். ஒன்றுக்குத் தலைப் பாதி மட்டும்தான் இருந்தது. கடைசியாக, பையின் அடியிலிருந்து, தலையில்லாத ஒரு வால் பாதி வந்தது.

“மீன் பத்து” என்றார். “ஆனால் துண்டு பதினொண்டு.”

இந்தக் கட்டுரையை அவர் அப்போது வாசித்திருக்கவில்லை.